பதினேழாம் அத்தியாயத்தில் செத்துப்போன அக்கா

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூன்று பசு, ஒரு தொழுவம், மூக்கு நுனியில் கோபம். விடியலில் பால் கறந்து, கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குக் கிளம்புவதற்குள் தெருவில் நாலு பேரையாவது திட்டி முடித்திருப்பாள். ஆனால் எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் வாசலைச் சுற்றி வர அவளுக்குப் பொறுமை இருக்காது; வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு நேரே அடுப்படிக்கே வந்துவிடுவாள்.

வாயை மூடிக்கொண்டு இருக்க அவளால் ஆகாது. அப்படிப்பட்டவள் இரண்டு வருடம் முன்பு என்னோடு மட்டும் பத்து நாள் பேசவில்லை. ஏன் என்று கேட்டதற்குப் பால் சொம்பை டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

என் மனைவிக்கு அதே சொசைட்டியில் பாலின் தரம் பார்க்கிற வேலை. ஏழு வருடமாக அடுப்படி மேசையில் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினாள். எங்கள் தெருவைப் பற்றித்தான். பெயர்களை மாற்றினாள், ஆட்களை மாற்றவில்லை. அது அச்சாகி, இந்த வருடம் பெரிய பரிசும் வாங்கிவிட்டது. பேப்பரில் போட்டோ வந்த அன்று சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் மட்டும் பேயறைந்தவள் போல நின்றாள்.

“அக்கா படிச்சா என்ன செய்றது? பதினேழாம் அத்தியாயத்துல அவங்கள சாகடிச்சிருக்கேன்.”

நான் பதினோராம் அத்தியாயத்தில் தூங்கிப்போனவன். அதை வெளியே சொல்வதில்லை.

“அதோட விட்டிருந்தா பரவால்ல. அவங்க பசுவையெல்லாம் அவங்க ஓரகத்திகிட்ட குடுத்துட்டேன்.”

அந்த ஓரகத்தியும் அக்காவும் முகம் பார்த்துப் பேசிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

“அக்கா பேச்ச நிறுத்திட்டா இந்தப் பரிச வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?” என்று மனைவி அழுதாள்.

அக்கா புத்தகத்தை வாங்கிவிட்டாள். காலையில் கறவை முடிந்ததும் தொழுவத்தில் அவள் மருமகள் தினம் ஒரு அத்தியாயம் வாசிப்பாள். அக்காவின் சிரிப்பு எங்கள் வீடு வரை கேட்கும். மனைவி விரல் விட்டு நாட்களை எண்ணினாள். பதினேழாம் நாள் தொழுவத்தில் சத்தமே இல்லை. தெருவில் ஒருவருக்கும் திட்டு விழவில்லை.

மதியத்துக்கு முன் படல் படாரென்று திறந்தது. அக்கா கையில் புத்தகம், கண்ணெல்லாம் சிவப்பு.

“ஏண்டி, என்ன தைரியம் உனக்கு! என் செவப்பிப் பசுவ அவ கையிலயா குடுத்த? அவளுக்குத் தவிடு ஊறவைக்கத் தெரியுமா?”

“அக்கா, அது கதைதானே...”

“கதையோ கிதையோ, மறுபடி அச்சடிக்கும்போது என் மருமகளுக்கு மாத்திடு.” பிறகு முகம் மலர்ந்தது. “ஆனா என் சாவுக்கு ஊரே திரண்டு வருதே! அந்த ஓரகத்தியே அழுறாளே! அந்த இடத்த மட்டும் நாலு தடவ வாசிக்கச் சொன்னேன்.”

மனைவி பொலபொலவென்று கண்ணீர் விட்டாள். “ரெண்டு வருஷம் முன்ன அந்த அத்தியாயத்த எழுதி முடிச்சதும் எனக்குத் தாங்கலக்கா. நீங்க இருக்கீங்களான்னு பாக்கத்தான் அன்னிக்கு உப்பு கேக்குற சாக்குல ஓடி வந்தேன்.”

அக்கா யோசித்தாள். “முகமெல்லாம் வீங்கி, என் கைய விடாம பிடிச்சுக்கிட்டு நின்னியே, அன்னிக்கா?”

“ஆமாக்கா.”

அக்கா மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

“அடக் கடவுளே! தம்பி உன்ன அடிச்சிட்டாருன்னுல்ல நினைச்சேன்!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா என் மனைவியை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். “குத்துக்கல்லாட்டம் இருக்கேன், பாரு. அழாத.”

பிறகு அடுப்படியிலேயே உட்கார்ந்து, அந்தப் பத்து நாளைக்கும் சேர்த்து என்னோடு பேசினாள். பெரும்பாலும் திட்டுதான்.