அரம் படாத இரும்பு

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டராக இருந்தேன். 2003 வாக்கில், ஃபர்ஸ்ட் இயர் பிராக்டிகல் பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது, சுரேஷ் என்ற பையன் ஃபிட்டிங் ஜாப்பைக் கொண்டுவந்து நீட்டினான். இரண்டு இரும்புத் தகடு, ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தது. லைட்டில் பிடித்தால் இடுக்கில் துளி வெளிச்சம் இல்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அரத்தால் ராவினால் கோடு கோடாகத் தெரியும். இது வழுவழுவென்று இருந்தது. மிஷின் வேலை.

“எந்தப் பட்டறைல செஞ்சதுடா?”

அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். வாசலில் நின்ற அவன் அப்பா உள்ளே வந்தார். உடையார்பாளையத்தில் முந்திரித்தோப்பு வைத்திருப்பவர். ஒர்க்‌ஷாப் வகுப்பு என்றால் பஸ் பிடித்து வந்துவிடுவார். பையில் டெட்டாலும் பஞ்சும் இருக்கும்.

“நான்தாங்க சார் அரியலூர்ல செஞ்சு வாங்கியாந்தேன். வூட்ல அருவாமனையக்கூட தொட விட்டதில்ல. கையைக் கிழிச்சுக்குவான் சார்.”

“நல்லா இருக்குய்யா உங்க நியாயம்! பரீட்சையில எக்ஸாமினர் சீல் குத்துன பிளேட்டுதான் தருவாரு. அன்னைக்கு யாரு வந்து ராவுறது? ஃபெயிலானா அரியர். வெளிய நில்லுங்க.”

அவர் போய் ஜன்னலோரம் நின்றார். பையனிடம் புது பிளேட்டைக் கொடுத்தேன். அதை வைஸ் இடுக்கியில் மாட்டவே அவனுக்குத் தெரியவில்லை. ஃபைலை, அதாவது அரத்தை, தோசைக்கரண்டி மாதிரிப் பிடித்தான். அரை மணி பொறுத்தேன். எனக்கு அதுவே அதிகம். “தள்ளு, குடு இப்படி” என்று ஃபைலைப் பிடித்து இழுத்தேன்.

அவன் விடவில்லை.

“வேணாம் சார். நானே பண்றேன்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் வெளியே துரத்திவிட்ட மனுஷன் செய்த அதே வேலையைத்தானே நானும் செய்யப் போனேன்! ஃபைலை விட்டுவிட்டு நகர்ந்துகொண்டேன்.

அன்றைக்கே அவன் உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. அப்பா பஞ்சை எடுத்துக்கொண்டு வாசல்வரை ஓடிவந்தார். உள்ளே காலை வைத்தவர் நின்றுவிட்டார். பையன் நிமிராமல் ராவிக்கொண்டிருந்தான். டெட்டால் பாட்டிலை பெஞ்ச் மேல் வைத்தார்.

“நீயே போட்டுக்கய்யா. நான் ஊருக்குப் போறேன்.”

பரீட்சையில் அவன் ஜாப்பின் இடுக்கில் வெளிச்சம் நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் பாஸ். கோடு கோடாக அவன் கை தெரிந்ததே, எனக்கு அது போதும்.

ரிட்டயர் ஆகும்வரை அதற்கப்புறம் யாரிடமிருந்தும் நான் ஃபைலைப் பிடுங்கியதில்லை. கை பரபரக்கும்தான். அப்போதெல்லாம் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வேன்.