மகளை விட்டுக்கொடுக்காத வாய்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் அவளுக்கு ஒரே மகள். பதினாலு வயது உடம்பு, நாலு வயதுப் பேச்சு. அப்பன்காரன் என்றோ கைகழுவிவிட்டுப் போய்விட்டான். மாற்றுத்திறனாளிகள் உதவி அலுவலகம் அனுப்பும் ஆயாக்கா காலை ஆறு முதல் இரண்டு மணி வரை பிள்ளையைப் பார்த்துக்கொண்டதால்தான் இவளால் வேலைக்குப் போக முடிந்தது.

அந்த உதவியைத் தொடரலாமா என்று வருஷத்துக்கு ஒருமுறை ஆள் வந்து பார்ப்பார்கள். இந்த முறை ஒரு புது அதிகாரி. இவள் விடியும் முன்பே வீட்டைத் துடைத்து, மகளுக்குத் தலைவாரி, நல்ல சட்டை மாட்டி உட்கார வைத்திருந்தாள். "இதையெல்லாம் ஏன் வெளிய கூட்டிட்டு வர்றீங்க" என்று பஸ்ஸிலும் கடையிலும் கேட்டுக் கேட்டுப் புண்ணாகிப் போன மனசு அது. வெளியாள் முன்னால் மகளை விட்டுக்கொடுக்க அந்த நாக்கு பழகவே இல்லை.

"பாப்பா தானா சாப்பிடுமா?"

"சாப்பிடுவா சார். தட்டை வச்சாப் போதும்."

ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயாக விழுங்க வைக்க வேண்டும் என்பதை அவள் சொல்லவில்லை.

"பாத்ரூம்?"

"அதிலெல்லாம் ஒரு தொந்தரவும் இல்ல."

சுவரோரம் நின்ற ஆயாக்கா கண்ணைக் காட்டினாள், தொண்டையைச் செருமினாள். அதிகாரி டிக் அடித்துக்கொண்டே போனார்.

அவர் படியிறங்கியதும் ஆயாக்கா பிடித்துக்கொண்டாள். "என்னங்க நீங்க, பொண்ணு பார்க்கவா வந்தாங்க? இந்த அளப்பு அளக்குறீங்க."

"எம் புள்ளய நானே மட்டமாப் பேசணுமா?"

"பேசித்தான் ஆகணும். இல்லன்னா என்னைய நிறுத்திருவாங்க."

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. பிள்ளை தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறதாம். ஆயாக்கா இனி வாரத்தில் ஒருநாள்தான். அன்றைக்கே ஆயாக்கா உட்கார்ந்து மேல்முறையீடு எழுதிக் கொடுத்தாள். சலவைக்கூட சூப்பர்வைசர் பத்து நாள் பொறுத்தார். "உன் கஷ்டம் புரியுதும்மா. ஆனா வார்டுக்கு விரிப்பு போகணுமே. திங்கக்கிழமை வரலைன்னா வேற ஆள் போட்டுருவேன்."

வெள்ளிக்கிழமை விசாரணை. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். பிள்ளையும் வர வேண்டும் என்பது விதி.

"போன தடவ எல்லாம் செய்வான்னு சொன்னீங்களே?"

"பொய் சார்." அவள் தரையைப் பார்த்தபடி ஆரம்பித்தாள். "விழுங்கத் தெரியாது. பாத்ரூம் போனா நாந்தான் கழுவி விடணும். மாசாமாசம் துணி மாத்தத் தெரியாது. கோவம் வந்தா தலைய சுவத்துல மோதிப்பா. நான் இல்லன்னா ஒருநாள் தாங்க மாட்டா."

மகள் அம்மாவின் தோளைத் தொட்டாள். "திட்டாதம்மா. இனிமே பண்ண மாட்டேன்."

நடுவில் இருந்தவர் பேனாவை எடுத்தார். "பேச்சு நல்லா வருதே."

அவள் மகள் பக்கம் திரும்பவே இல்லை. "அது அர்த்தம் தெரிஞ்சு பேசுறதில்ல சார்" என்றாள்.

ஆயாக்காவின் பழைய நேரம் முழுசாகத் திரும்பக் கிடைத்தது. படியிறங்கும்போது மகள் வழக்கம்போல் கையை நீட்டினாள். அதைப் பிடித்துக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.