குசினிக் கதவால் வந்த கஞ்சி

என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த அன்றே அவள் என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் அயல்வீட்டார் ஒருவருக்கும் வாய் திறக்கக் கூடாது. மகளுக்கு வெள்ளவத்தையில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். தாய்க்கு வந்தது நாளைக்கு மகளுக்கும் வரும் என்று அவர்கள் பின்வாங்கிவிடுவார்கள் என்பது அவளுடைய பயம். நானும் மாடு மாதிரித் தலையை ஆட்டினேன். புதுக்கடைக் கோர்ட்டடியில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருந்து ஊராரின் சத்தியக்கடதாசியெல்லாம் டைப் அடிக்கிற நான், சொந்த ஒழுங்கைக்கு 'கேஸ்ட்ரிக்' என்று பொய் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மருந்து ஏற்றத் தொடங்கியதும் முடி போனது. அவள் வாசலுக்கு வருவதையே விட்டாள். பிறகு சாப்பாடு போனது. சோறு, பாண், சூப், எது உள்ளே போனாலும் பத்து நிமிடத்தில் வெளியே வந்தது. நிறை இன்னும் குறைந்தால் அடுத்த மருந்து ஏற்ற முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அது நோன்பு மாதம். அடுத்த வீட்டு முஸ்லிம் பெண்மணியை, அக்கா முறையில், ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். நோன்புக் கஞ்சி காய்ச்சினால் வருடா வருடம் எங்களுக்கும் ஒரு கோப்பை அனுப்புவார். அந்த வருடம் தினமும் வந்த கோப்பையை என் மனைவி குடித்தாள். சத்தி வரவில்லை, குடித்தது வயிற்றில் தங்கியது. அந்த மாதம் முழுக்க அவளுடைய உயிரைப் பிடித்து வைத்தது அந்தக் கோப்பைதான்.

பெருநாள் வந்தது, கஞ்சி நின்றது. நானே காய்ச்சினேன். முதல் நாள் அடிப்பிடித்தது, மறுநாள் தேங்காய்ப்பால் திரைந்தது. அவள் எனக்காக விழுங்கிவிட்டு எனக்குத் தெரியாமல் சத்தி எடுத்தாள். மூன்றாம் நாள் பானையைத் தூக்கி எறிந்துவிட்டுக் குசினியில் நின்று அழுதேன். எங்கள் ஒழுங்கையில் செத்த வீடென்றால் மூன்று நாள் அயலார்தான் முறை வைத்துச் சமைத்துக் கொடுப்பார்கள். உயிரோடு இருக்கிற ஒருத்திக்கு ஒரு கோப்பைக் கஞ்சி கேட்க எனக்கு வாய் வரவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அன்று மாலை ராத்தாவின் கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்கட குப்பை பேக்கில கொட்டின முடிய நாங்க காணல்லயா தம்பி? நீங்க கேஸ்ட்ரிக் எண்டு செல்லிட்டு ஈக்கக்குள்ள, நாங்க எப்பிடி வாற?" என்றார்.

அடுத்த நாள் முதல் எங்கள் குசினிக் கதவால் கஞ்சி வந்தது. ராத்தா காய்ச்சினார், அரிசிக்கும் இறைச்சிக்கும் ஒழுங்கை முறை போட்டுக்கொண்டது. துறைமுகத்தில் வேலை செய்கிற எதிர்வீட்டுக்காரர், மருந்து ஏற்றுகிற நாட்களில் வழக்கமான வாடகைக்கு வந்தவர்போல ஒரு த்ரீவீல்காரரை அனுப்பிவைத்தார். நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: அவளுக்குத் தெரியக் கூடாது. அதனால் ஒருவரும் உள்ளே வரவில்லை. கதவடியில் நின்று கிசுகிசுத்துவிட்டுப் போனார்கள். கஞ்சி நான் காய்ச்சியது என்றேன். இப்போதுதான் என் கைக்குப் பதம் வந்திருக்கிறது என்று அவள் மெச்சினாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

இதற்கிடையில் வெள்ளவத்தைக்காரர்கள், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். யார் போய்ச் சொன்னார்களோ, கேட்டு என்ன பயன்? அம்மாவுக்குச் சொல்லாதீர்கள் என்று மகள் மட்டும் கேட்டுக்கொண்டாள். சொல்லவில்லை. பொய்யோடு பொய்யாக அதுவும் கிடந்தது.

ஒரு பின்னேரம் ராத்தா கஞ்சியோடு குசினிக்குள் வந்து நின்றார். குசினிக்கும் அவள் படுத்திருந்த அறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். அவர் வந்தது தெரியாமல் அவள் உள்ளேயிருந்து கதைத்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்த ராத்தாகூட நோன்புக்குப் பிறகு என்னை எட்டிப் பார்க்கேல்லை, என்ன? ஒருத்தரும் வரேல்லை. நான் செத்தாப் பிறகுதான் இந்த ஒழுங்கை எங்களுக்கு அடுப்பு மூட்டும்."

ராத்தா என்னைக் கேட்கவில்லை. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போய், கட்டிலில் உட்கார்ந்து அவளுடைய கையைப் பிடித்தார். அவள் மற்றக் கையால் மொட்டைத் தலையை மூடப் பார்த்தாள். பிறகு கஞ்சிக் கோப்பையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தாள்.

"வெள்ளவத்தைக்கும் தெரியுமோ?"

"ஓம்," என்றேன்.

அவள் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டாள். கஞ்சி அப்படியே ஆறிப்போனது. ராத்தாவின் கையை மட்டும் பள்ளியில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை விடவில்லை.