இருநூற்றுப் பதினான்காவது ஆள்

அந்தக் கட்டடத்தில் இப்போது குடியிருப்பது ஒரே ஒருத்திதான். மற்ற வீடுகளெல்லாம் ஒவ்வொன்றாக ஆபீஸாகிவிட்டன. டாக்டர் குடும்பம் இருந்த வீட்டில் இப்போது காப்பீட்டுக் கம்பெனி. பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிய நடையில் தண்ணீர் கேன்களை அடுக்கியிருக்கிறார்கள். ஐந்தாம் மாடியில் ஆடிட்டர் ஆபீஸுக்கும் விளம்பரக் கம்பெனிக்கும் நடுவே, கால்மிதி போட்ட ஒரு கதவு இருக்கிறது. கூரியர்காரர்கள் அதையும் ஏதோ கம்பெனி என்று நினைத்துக்கொண்டு, "மேடம், சீல் போட்டுக் குடுங்க" என்பார்கள். அறுபத்தெட்டு வயதுக்காரி என்ன சீலைப் போடுவாள்?

எதிர்வரிசை வங்கியில் முப்பத்தொரு வருஷம் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தவள் அவள். கட்டடத்தில் எல்லாருக்கும் டெலிபோனம்மா. தெருவைத் தாண்டினால் வேலை என்பதற்காகத்தான் கணவர் கடனை உடனை வாங்கி நகரத்தின் நட்டநடுவில் இந்த வீட்டைப் பிடித்தார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. மகன் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பான். சாப்பிட்டேன் என்பாள். அப்புறம் இரண்டு பேருக்கும் பேச எதுவும் கிடைக்காது.

வாரநாட்களில் அந்தத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. ஞாயிறு வந்தால் காக்காய்கூட லீவு போட்டுவிடும். ஆளில்லாத தெருவுக்கு சிக்னல் பச்சையும் சிவப்பும் காட்டிக்கொண்டிருக்கும். ஜன்னலில் நின்று அதையே பார்ப்பாள். ஒரு ஞாயிறு, தன் குரல் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க, "வணக்கம், யாரிடம் பேச வேண்டும்?" என்று சுவரிடம் கேட்டாள். கேட்ட பிறகு வெட்கமாகப் போய்விட்டது.

போன வருஷம் ஒருநாள் காலை பதினொரு மணிக்குத் தீ மணி அலறியது. ஒத்திகைதான், ஆனால் அவளிடம் யார் சொன்னார்கள்? அடுப்பை அணைத்தாள், பத்திரப் பையை எடுத்தாள், வலிக்கிற முட்டியோடு ஐந்து மாடி இறங்கினாள். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் மொத்தக் கூட்டமும் நின்றது. கட்டட மேற்பார்வையாளர் கையில் பட்டியல். எந்நேரமும் கழுத்தில் விசில் தொங்குவதால் அவர் பெயரே விசில். மாடி மாடியாக, ஆபீஸ் ஆபீஸாக ஆட்களைக் கூப்பிட்டார். கையைத் தூக்கத் தூக்கக் குறித்துக்கொண்டார்.

"இருநூத்திப் பதிமூணு. எல்லாரும் வந்தாச்சு" என்றார்.

"நான்?" என்று கேட்டாள்.

"இது ஆபீஸ் லிஸ்ட்டும்மா. நீங்க குடியிருக்கறவங்க."

"நெருப்புக்கு அது தெரியுமா?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். ஆனால் படியேறும்போது பாதியில் நின்று யோசித்தாள். தான் மேலேயே கிடந்திருந்தாலும் இந்த மனிதர் எல்லாரும் வந்தாச்சு என்றுதானே சொல்லியிருப்பார்? இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு விடவில்லை. விசிலின் மேஜைக்கு நான்கு தடவை போனாள். முதல் தடவை கட்டட மேனேஜரைக் கேட்க வேண்டும் என்றார். இரண்டாம் தடவை மேனேஜர் ஊரில் இல்லை. மூன்றாம் தடவை விசிலே இல்லை, இடைவேளைக்குப் போயிருந்தார். நான்காம் தடவை அவர் பட்டியலை எடுத்து, அடியில் பென்சிலால் ஏதோ கிறுக்கி, "போட்டாச்சும்மா, நிம்மதியா போங்க" என்றார். கண்ணாடி கொண்டு போகாததால் என்ன எழுதினார் என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுதினாரா, எழுதுகிற மாதிரி பாவலா காட்டினாரா? நச்சரிக்கிற கிழவியைத் துரத்த ஆயிரம் வழி இருக்கிறதே.

இந்த வருஷ ஒத்திகைக்கு மூன்று நாள் முன்பே லிப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அன்று குளித்து, நல்ல புடவை கட்டி, தயாராக இருந்தாள். மணி அடித்தது. செருப்பில் கால் நுழைத்தவள் அப்படியே நின்றாள். கீழே போய் நின்றால், பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்வார்கள். அதில் என்ன தெரியும்? போகாமல் இருந்தால்தான் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நடையில் காலடிகள் தடதடவென்று ஓடி ஓய்ந்தன. மணியும் நின்றது. கட்டடம் முழுக்கத் தான் மட்டும் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஐந்து நிமிஷம் போனது. பத்து ஆனது, இருபதும் ஆனது. எட்டிப் பார்க்கக் கூடாது என்று வீம்பாக மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். இந்நேரம் எண்ணி முடித்திருப்பார்கள், லிப்டுக்கு வரிசை கட்டியிருப்பார்கள். உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று தன்னையே வைதுகொண்டாள். கண் கரித்தது.

கதவு இடிபட்டது.

விசில்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மூச்சு வாங்கக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே பொரிந்து தள்ளினார்.

"உங்களுக்கு மணி கேக்கலையா? காது இருக்கா இல்லையா? ஒங்க ஒருத்தரால இருநூத்திப் பதிமூணு பேர் அரை மணியா வெயில்ல காயறாங்க! ஒரு ஆள் கொறைஞ்சாலும் யாரும் உள்ள போக முடியாது, தெரியுமில்ல?"

"எல்லாருமா நிக்கறாங்க?"

"பின்ன? மேனேஜர்கூட நிக்கறார்! சாவடிக்கறீங்கம்மா!"

அவர் கத்திக்கொண்டே இருந்தார். ஆறு வருஷமாக அவளை யாரும் இப்படித் திட்டியதில்லை. நடுவில் குறுக்கிட அவளுக்கு மனம் வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பைத் தேடி மாட்டினாள்.

"முட்டி வலிக்குதுப்பா. மெதுவாத்தான் வருவேன்."

"வாங்க, கையப் புடிச்சுக்குங்க" என்றார் அவர், கோபம் குறையாமலே.

கீழே வெயில் கொளுத்தியது. பைலைத் தலைக்குப் பிடித்திருந்த கூட்டம் அவளைச் சுட்டெரிப்பதுபோலப் பார்த்தது. "இந்தம்மாவுக்காகவா இவ்வளவு நேரம்?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். விசில் பட்டியலை விரித்தார். கண்ணெதிரே நிற்பவளைப் பார்க்காமல், முறைப்படி உரக்கப் படித்தார்.

"ஐந்தாம் மாடி. குடியிருப்பு. ஒருவர்."

மற்றவர்களைப்போல அவள் கையைத் தூக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக நிமிர்ந்து நின்று, போர்டில் பேசிய பழைய குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"உள்ளேன் ஐயா."

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. விசிலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பென்சிலால் குறித்துக்கொண்டு, "இருநூத்திப் பதினாலு. யாரும் பாக்கி இல்ல. உள்ள போகலாம்" என்றார்.

கூட்டம் லிப்டை நோக்கிக் கலைந்தது. அவள் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அந்த வெயிலிலேயே நின்றாள்.