பவழம் பார்த்த இத்தாலிக்காரர்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் பகலில் நானும் மனைவியும் விழுப்புரத்தில் திண்டிவனத்துக்கு ரயில் ஏறினோம். எதிரே கசங்கிய கோட்டுடன் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் இருந்த பூதக்கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி, என் மனைவியின் கழுத்தையே பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, அந்தப் பவழ மாலைய கொஞ்சம் காட்டறீங்களா?" என்று நல்ல தமிழிலேயே கேட்டார். "இத்தாலியில எங்க குடும்பம் நாலு தலைமுறையா நகைக்கடை வச்சிருக்கு. எங்க பவழம் அப்பல்லாம் பாண்டிச்சேரிக்குக் கப்பல்ல வரும்."

"குடுக்காதே" என்று நான் முணுமுணுப்பதற்குள் அவள் கழற்றிக் கொடுத்துவிட்டாள். அது அவள் அம்மா போட்டுவிட்ட மாலை. நான் எழுந்து கதவுப் பக்கம் வழியை மறித்து நின்றேன்.

அவர் மணி மணியாகப் பார்த்தார். பிறகு மாலையையும் பூதக்கண்ணாடியையும் என்னிடம் நீட்டினார்.

"பவழத்துல மெல்லிசா கோடு ஓடும். இந்த மூணுல குமிழிதான் இருக்கு, பாருங்க. இது மூணும் வெறும் கண்ணாடி மணி. யாரு கோத்தாங்க?"

குமிழி எனக்கும் தெரிந்தது. போன மாதம்தான் திண்டிவனத்தில் ஒரு நகைக்கடையில் புதுக் கயிற்றில் கோத்து வாங்கியிருந்தோம். இறங்கி நேரே அங்கே போனோம். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மூன்று பவழத்தை எடுத்து வைத்தார்.

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "அந்த மனுசனுக்கு ஒரு வார்த்தை நல்லதா சொல்லலியே நீங்க. எறங்கும்போதுகூட மணிய எண்ணிக்கினு வந்தீங்க."

வழியெல்லாம் அவர் கைகளையே கண்காணித்திருக்கிறேன். அவர் முகம் எப்படி இருந்தது என்று இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.