எள்ளுப்பூவுக்கு நட்ட குச்சி

பாரிசுக்குப் பக்கத்தில் நான் குடியிருக்கும் தெருவில், மார்ச் பிறந்தால் புல்தரையிலிருந்து குரோகஸ் பூக்கள் எட்டிப் பார்க்கும். அவற்றை நெருக்கத்தில் படம் பிடிக்க நான் ஈரத்திலேயே குப்புறப் படுத்துவிடுவேன். ஒரு முறை எதிர்வீட்டு மதாம் திரைச்சீலையை விலக்கி வெகுநேரம் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார். "உடம்புக்கு முடியவில்லையா, முசியே?" என்றார். பூவைப் படம் பிடிக்கிறேன் என்றேன். "இத்தனை சின்னப் பூவையா?" என்று கேமராவைப் பார்த்தார். பிறகு அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தார். அவர் வீட்டு ஜன்னல் பக்கம். அன்று சாயங்காலமே அந்த ஜன்னலின் மரக்கதவு சாத்தப்பட்டது. இத்தனை வருஷம் தினமும் 'பொன்ழூர்' என்று வணக்கம் சொன்ன வாய்க்கு இதுதான் மரியாதை!

இந்தச் சந்தேகமெல்லாம் வெள்ளைக்காரர்களின் வியாதி என்றுதான் நான் நினைத்திருந்தேன். தொண்ணூற்று மூன்றில், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. பாதி வருஷம் வானம் கழுவாத அலுமினியச் சட்டியாகவே கிடக்கும் நாட்டில், 'ப்ரேந்தாம்' என்னும் வசந்தம் வந்தால் மனிதனுக்குப் பித்துப் பிடித்துவிடும். எனக்குக் கேமராப் பித்து. எங்கள் ஊரில் வசந்தம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பங்குனி வெயில் என்று திட்டுவோம், அவ்வளவுதான்.

சில வருஷங்களுக்கு முன் ஈஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். திண்டிவனத்துக்குக் கிழக்கே அப்பா விட்டுப்போன புன்செய்க் கொல்லை, எனக்கும் என் தங்கை ரீத்தாவுக்கும் பொதுவானது. பாடுபடுவது அவளும் அவள் புருஷனும்தான். எள் பூத்திருந்தது. வெள்ளை மணியைக் கவிழ்த்ததுபோல ஒரு பூ, உதட்டில் லேசாக ஊதா. இதன் நடுவே வளர்ந்தவன், ஒரு நாளும் இதைக் குனிந்து பார்த்ததில்லை. காற்றில் செடி ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு குச்சியை நட்டுத் தண்டை அதில் சேர்த்துக் கட்டினேன். மறுநாள் அதே பூவைத் தேடிப் பிடிக்க வேண்டுமே என்று குச்சியின் நுனியில் சிவப்புத் துணி ஒன்றையும் முடிந்துவைத்தேன். அதுதான் வினையாகிப் போனது.

பக்கத்துக் கொல்லைக்காரர் சேகர் வண்டியை நிறுத்தினார். "இன்னா சார், அளந்துக்கினு கீறீங்களா?" என்றார். கூடப் படித்தவன் என்னைச் சார் என்கிறான்! அவனைச் சொல்லியும் குற்றமில்லை. நாலு வழிச் சாலை வந்தபோது கேமராவும் சிவப்புக் கொடிக் குச்சியுமாகத்தான் ஆட்கள் வந்தார்களாம். பின்னாலேயே மனை போடுகிறவர்கள். குச்சி நட்ட கொல்லை எதுவும் அப்புறம் கொல்லையாக இருக்கவில்லை.

மத்தியானம் ரீத்தா மீன் குழம்பு ஊற்றினாள். முகம் கொடுக்கவில்லை. "அந்தக் கொடி இன்னாத்துக்கு?" என்றாள். கேமராத் திரையில் படங்களைக் காட்டினேன். விறுவிறுவென்று தள்ளிக்கொண்டே போனாள். "எல்லாம் பூவுதானா? எல்லக்கல்ல எடுக்கலியா?"

"சத்தியமா பூவுதான்டி."

"எள்ளுப்பூவப் பாக்கவா ஏரோப்ளேன் ஏறி வந்த?"

கை கழுவப் பின்பக்கம் போனேன். தோட்டத்தில் மச்சான் போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வைத்துவிட்டார். எனக்குத் தெரியாமல் பட்டாவை மாற்றிவிட்டார்களோ என்று நினைத்தேன். ஆமாம், நானேதான் நினைத்தேன். என் கூடப் பிறந்தவளை. வெட்கமாக இருந்தது. அந்தக் கொல்லை போனால் அவள் பிழைப்பு போகும். அவள் போனால் ஊர் என்று சொல்ல எனக்கு யார் இருக்கிறார்கள்?

அன்றைக்கே சொல்லிவிட்டேன்: என் பங்கை உன் பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிறேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து என்னையே உற்றுப் பார்த்தாள்.

"சும்மாவா? ஏன், அது மேல எங்கனா லோன் கீன் வாங்கிக்கீறியா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. மச்சான் வில்லங்கம் போட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் திண்டிவனம் பத்திர ஆபீசுக்குக் கிளம்பினார்கள். கையெழுத்துப் போட்டு வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா நெனச்சிட்டேண்ணா" என்று தேம்பினாள். அப்பாடா, தங்கை திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று எனக்கும் கண் கலங்கியது.

மறுநாள் விடிந்ததும் கொல்லைக்குப் போனேன். காற்றே இல்லை, படத்துக்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஒரு காலை உள்ளே வைத்திருப்பேன், மோட்டார் கொட்டகைப் பக்கமிருந்து ரீத்தாவின் குரல் வந்தது.

"அண்ணா, ஒரு வார்த்த கேட்டுக்கினு எறங்கக் கூடாதா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் காலை எடுத்து வரப்பில் வைத்தேன்.

"ஐயே, சும்மா சொன்னேன். எறங்கு, எறங்கு!"

இறங்க முடியவில்லை. என் லென்சுக்குப் பூ ஒரு சாண் தூரத்தில் இருந்தாக வேண்டும். வரப்பில் நின்றபடியே கையை எட்டின மட்டும் நீட்டி ஒரே ஒரு படம் எடுத்தேன். அது இப்போது என் பாரிஸ் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பச்சையாக ஏதோ கலங்கித் தெரிகிறது. அதில் பூ எங்கே என்று கேட்பவர்களுக்கு, அங்கேதான் இருக்கிறது என்கிறேன்.