பிளக்கில் வைத்த சிவப்புப் பொட்டு

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இருவர் மேலும் நான் சத்தம் போட்டது தப்பு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தம்பி, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பாட்டுப் பெட்டியைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "நல்ல கனம்ப்பா, நல்ல சாமான்" என்றாய். பாப்பா, நீ திருப்புளி தேடி என் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாய். அதில் கிடந்த பழைய இரண்டு முள் பிளக்கை எடுத்து, "யாருப்பா இதுக்கு நெயில் பாலிஷ் போட்டு விட்டது?" என்று சிரித்தாய். நான் அதை உன் கையிலிருந்து பிடுங்கினேன். பெட்டியின் வயரையும் சுவரிலிருந்து உருவி எறிந்தேன். உங்கள் அம்மாகூட அரண்டு போனாள். எதிரே உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் வராது. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பொட்டை வைத்தவன் நான்தான். விக்கிரமசிங்கபுரத்து அத்தை வீட்டில் மாலை போட்ட படத்தில் இருக்கிறாரே, உங்கள் மாமா, அவருக்காக வைத்தேன். எனக்கு அவர் அத்தான், என் அக்கா புருஷன். மில்லில் பதிலியாக நாளுக்கொரு ஷிப்டுக்குக் காத்துக் கிடந்து, அலுத்து, சவூதிக்குப் போய் இரண்டு வருஷம் மூட்டை தூக்கினார். தொண்ணூறுகளின் நடுவில் திரும்பி வந்தபோது மற்றவர்களைப் போல நகையும் சென்ட்டும் கொண்டுவரவில்லை. ஒரு பெரிய ஆம்ப்ளிபயர் கொண்டுவந்தார். மூட்டை தூக்கிய அதே தோளில் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் அதைச் சுமந்தே வந்தார். சைக்கிளில் வைத்தால் குலுங்கிவிடுமாம். உங்கள் அத்தைக்கென்று ஒரே ஒரு நெயில் பாலிஷ் குப்பி வாங்கி வந்திருந்தார். மில் லைன் வீடுகளில் கேலி செய்வார்கள் என்று அவள் அதைப் போட்டுக்கொள்ளவே இல்லை. மாடத்தில் திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அது கிடந்தது.

சொந்தமாக மைக் செட் வைக்க வேண்டும், யாருடைய கேட்டிலும் இனி நிற்கக் கூடாது. இதுதான் அவர் ஆசை. நான் அப்போது வண்ணார்பேட்டையில் ஒரு ரேடியோ பழுது பார்க்கும் கடையில் வேலை பார்த்தேன். செட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லி ஆள் அனுப்பினார். நான் போனதும் எனக்கு ஆக்கிப் போட வேண்டுமென்று கறி வாங்கப் போய்விட்டார். அந்த நேரத்தில்தான் பெட்டியைத் திறந்தேன்.

வெளியே கண்ணாடி போலப் பளபளத்த பெட்டிக்குள் முக்கால்வாசி இடம் காலி. அடித்தட்டில் ஒரு கை அகலத்துக்கு சிமெண்ட் கட்டி ஒட்டியிருந்தது. தூக்கிப் பார்ப்பவனுக்குக் கனம் தெரிய வேண்டும் என்பதற்காக எவனோ ஒட்டியது. அத்தான் தோளில் சுமந்து வந்தது அந்தக் கட்டியைத்தான். கரண்டு வரும் வயர் நூல் போல இருந்தது. அதன் மேல்தோல் உரிந்து தகரப் பெட்டியின் உடம்பிலேயே படிந்து கிடந்தது. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். சவூதிக் கரண்டு நம் கரண்டில் பாதி என்பதால் வோல்ட்டைக் குறைக்க ஒரு சின்னப் பெட்டியும் உடன் வந்திருந்தது. அதிலும் எர்த்துக்கான மூன்றாவது வயர் கிடையாது. வெறும் இரண்டு முள்.

கறியோடு வந்த அத்தான் என் முகத்தையே பார்த்தார். "என்னலே மாப்ள, சாமான் எப்படி?" பின்னால் உங்கள் அத்தை தண்ணீர்ச் செம்போடு நின்றாள். அவள் முகம் அப்படி விரிந்து நான் பார்த்ததே இல்லை. நான் அதற்குள் மூடியைத் திருகி முடித்திருந்தேன்.

"நல்ல சாமான் அத்தான். கனமே சொல்லுதுல்லா."

பிள்ளைகளே, என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அது ஒன்றுதான்.

கடை அண்ணாச்சியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் பற்றவைக்கிற கோலைக் கீழே வைத்துவிட்டு, "உள்ள இருக்கதெ பூரா மாத்து, இல்லேன்னா தூக்கிக் கெணத்துல போடச் சொல்லு. இதுக்கு நடுவுல ஒண்ணும் கிடையாதுவே" என்றார். நான் திரும்ப அத்தான் வீட்டுக்குப் போய் அந்த நடுவில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். பிளக்கை ஒரு பக்கமாகச் சொருகினால் பெட்டியின் உடம்பில் டெஸ்டர் எரிந்தது, தொட்டால் கரண்டு அடிக்கும் என்று அர்த்தம். திருப்பிச் சொருகினால் எரியவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் தொழிலில் பாதிப் பேர் செய்தது இதுதான். எரிந்தால் திருப்பிச் சொருகு, அவ்வளவே. அத்தானுக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்று மாடத்திலிருந்த குப்பியை எடுத்துப் பிளக்கின் மேல்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தேன். "பொட்டு மேல பாத்து இருக்கணும் அத்தான், அதோட டெஸ்டரும் வச்சுப் பாக்கணும்" என்றேன். அவர் சிரித்தார். "ஒங்க அக்கா நகத்துக்கு இல்லாத யோகம், பிளக்குக்கு அடிச்சிருக்கு பாரு." கோயில் கொடைத் திருவிழாக் காலம் முடியட்டும், உள்ளே இருப்பதையெல்லாம் மாற்றித் தந்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வருஷம் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சிற்றூர் அம்மன் கோயில் கொடைக்கு அவர் செட்டைப் பேசினார்கள். நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். அத்தான் மைக்கைப் பிடித்தால் ஒன்று இரண்டு மூன்று சொல்ல மாட்டார். "ஏ பிள்ள, ஒல வச்சாச்சா?" என்று அக்காவைக் கேட்பார். இரண்டு மைலுக்கு அப்பால் இருக்கிறவளுக்கு எப்படிக் கேட்கும்? கூடியிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

செட்டை எங்கே வைத்தாலும் அவர் ரப்பர் செருப்போடுதான் நிற்பார். அதையும் நான்தான் சொல்லியிருந்தேன். ஆனால் அன்றைக்கு இருந்தது அம்மன் முற்றம். செருப்பை வேலிக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார். நானும் அப்படித்தான் போனேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் போவார்கள். மதியக் கொடைக்குச் சாமியாடி மஞ்சள் நீரில் குளித்து முடித்திருந்தார். தரை முழுக்க மஞ்சள் சேறு.

நான் வேப்பமரத்தில் ஏறி ஸ்பீக்கர் குழாய் கட்டிக்கொண்டிருந்தேன். ஊர்க்காரர்கள் பந்தக்காலில் ஒரு சுவிட்சுப் பலகையைக் கட்டியிருந்தார்கள். கயிறு எட்டாததால் அதைத் தலைகீழாகக் கட்டிவிட்டார்கள். மேலிருந்து எனக்கு அது தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும். பலகை தலைகீழானால் இடம் வலம் மாறும். பொட்டு மேலே பார்த்திருந்தாலும் கரண்டு பெட்டியின் உடம்புக்குத்தான் வரும். டெஸ்டர் என் சட்டைப் பையில் மரத்தின் மேல் இருந்தது. அவரிடம் வேறு டெஸ்டர் இல்லை.

"அத்தான், நான் இறங்கி வாரேன். டெஸ்டர் வச்சுட்டுப் போடுவோம்" என்றேன்.

அவர் அண்ணாந்து பார்த்துப் பிளக்கைத் தூக்கிக் காட்டினார். "ஒம் பொட்டு மேல பாத்துதாம்லே இருக்கு. நீ பையக் கட்டு."

என்னைப் பார்த்து அவர் சொன்ன கடைசிச் சொல் அதுதான்.

சொருகினார். பெட்டியில் கை வைத்தார். உடம்பு விறைத்தது. தலை பின்னால் போயிற்று. தோள் இரண்டும் குலுங்க ஆரம்பித்தன. மேளக்காரர்கள் அதைப் பார்த்தார்கள். கொடையில் ஒரு மனிதன் அப்படிக் குலுங்கினால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. "சாமி வந்துட்டு, வெளியூர்க்காரர் மேல சாமி வந்துட்டு" என்று யாரோ சொன்னார்கள். மேளம் வேகம் பிடித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். ஒரு பெரியவர் பக்தியோடு ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை அவர் காலில் ஊற்றினார். நான் கத்தினேன். கரண்டு, கரண்டு என்று தொண்டை கிழியக் கத்தினேன். அத்தனை மேளத்துக்கும் குலவைக்கும் மேல் அது யார் காதிலும் விழவில்லை. ஊருக்கெல்லாம் கேட்கிற குழாய் என் கையில் இருந்தது. அதன் வாய் அடைத்துக் கிடந்தது.

மரத்திலிருந்து குதித்தேன். நெஞ்சுத் தோல் உரிந்ததுகூடத் தெரியவில்லை. கூட்டத்தைப் பிளந்து போய்ப் பலகையின் பியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். அப்போதுதான் அவர் விழுந்தார். நெஞ்சில் குத்தினேன், வாயில் ஊதினேன். வேனில் ஏற்றி அம்பாசமுத்திரத்துக்குக் கொண்டு போகும்போது வழியெல்லாம் அவர் காதில், "அத்தான், அது நல்ல சாமான் இல்ல, நான் பொய் சொல்லிட்டேன், எந்திச்சு என்னை ஏசுங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன். வாய்க்கால் பாலம், நெல் வயல், ரயில் கேட் எல்லாம் போயின. அவர் ஏசவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் இமையை விலக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

கரண்டு அடித்தது என்று சிலருக்குத் தெரியும். ஆனாலும் அம்மன் கொண்டுபோனாள் என்ற பேச்சுத்தான் ஊரில் நின்றது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். பதினாறாம் நாள் என்னிடம் கேட்டாள்: "கரண்டு அடிச்சிருந்தா மொகம் அப்படித் தெளிஞ்சா இருக்கும்? சாமி இறங்கின ஒடம்புல்லா, என்னலே?" நான் தலையை ஆட்டினேன். இன்றைக்கும் வருஷம் தவறாமல் அந்தக் கொடைக்கு மஞ்சள் அரைத்துக்கொண்டு போகிறாளே உங்கள் அத்தை, அது என் தலையாட்டலை நம்பித்தான். அவள் கையிலிருந்து அந்த ஒன்றையும் பிடுங்க எனக்குத் தைரியம் இல்லை. பிடுங்காமல் இருப்பதும் நியாயமா என்று தெரியவில்லை. நீங்கள் அவளிடம் சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டியவன் நான், வருஷங்கள்தான் போய்க்கொண்டிருக்கின்றன.

தம்பி, உன் பெட்டியைத் திங்கட்கிழமை நீ வேலைக்குப் போன பிறகு திறந்து பார்த்தேன். உள்ளே எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது, கல் எதுவும் இல்லை. மூன்று முள்ளும் சரியாக இருக்கிறது. சுவரிலும் மூன்றாவது வயர் போகிறதா என்று பார்த்துவிட்டேன். நீ தாராளமாகப் பாட்டுக் கேள். கனத்தை மட்டும் நம்பாதே. நான் சொன்னால்கூட நம்பாதே, டெஸ்டர் வைத்துப் பார்.

பாப்பா, நீ கேட்டதற்கு மீதிப் பதில் இது. அத்தானை எரித்த மறுநாள் விடிந்ததும் நான் மட்டும் அந்தக் கோயிலுக்குப் போனேன். பந்தல் பிரிக்கவில்லை. பயத்தில் யாரும் செட்டைத் தொட்டிருக்கவில்லை. வேலிக்கு வெளியே அவர் செருப்பு இரண்டும் அப்படியே கிடந்தன. அதைக் காலில் மாட்டிக்கொண்டு அம்மன் முற்றத்துக்குள் நடந்தேன். பியூஸ் கட்டையைப் போட்டு, பெட்டியின் உடம்பில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. பிளக்கை உருவி, பலகையின் கயிற்றை அவிழ்த்து நேராகத் திருப்பிக் கட்டினேன். பொட்டு மேலே பார்க்கச் சொருகி மறுபடி வைத்தேன். எரியவில்லை. கொஞ்ச நேரம் அந்த எரியாத டெஸ்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பியூஸைக் கழற்றி, வயரை அறுத்து, பிளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தச் சிவப்பைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டத் தொடங்கினேன். பள்ளத்தில் இருந்தது போகவில்லை. போனதெல்லாம் என் நகக்கண்ணில் ஏறியிருந்தது.